அந்தப் பத்து சதவீதம் எது?

கேள்வி: ஆய்வு மானிய விண்ணப்பங்களில் 'மாதிரி அளவு 4பிகியூ/டி² முறைப்படி' என்று எழுதுகிறார்களே, அதன் பொருள் என்ன?
(வாசகர், கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்)

பதில்: எத்தனை பேரைச் சோதித்தால் போதும் என்று சொல்லும் வாய்பாடு இது, இந்திய மருத்துவ ஆய்வுகளில் மிகப் பரவலானது. 'பி' என்பது நோய் இருக்கும் என எதிர்பார்க்கும் சதவீதம். அதை 100-இலிருந்து கழித்தால் 'கியூ'. 'டி' என்பது ஏற்கத்தக்க பிழை. 95 சதவீத நம்பிக்கைக்கு உரிய 1.96-ஐ வர்க்கப்படுத்தி முழு எண்ணாக்கியதே அந்த 4.

கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெரு வணிகர்களிடையே நீரிழிவைக் கணக்கெடுப்பதாகக் கொள்ளலாம். எதிர்பார்ப்பு 20 சதவீதம், பிழை 10 சதவீதம். சிக்கல் இந்தப் பத்தில்தான் இருக்கிறது. அது நேரடிப் பிழை என்றால் விடை 10-க்கும் 30-க்கும் இடையில் எங்கும் நிற்கலாம். 64 பேர் போதும். சார்புப் பிழை என்றால் 20-இல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2. விடை 18-க்கும் 22-க்கும் இடையில் அடங்க வேண்டும். அதற்கு 1,600 பேர் தேவை. இருபத்தைந்து மடங்கு ஆட்கள்! எந்தப் பிழை என்று குறிப்பிடாத விண்ணப்பத்தை நேர்மையாக மதிப்பிடவே முடியாது.

மாதிரி அளவைக் கணக்கிட, இரு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வுகளில் பயன்படும் 'பவர்' இந்தப் பிழையிலிருந்து வேறு. உண்மையில் இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அது. வழக்கமாக 80 சதவீதம். ஐந்தில் ஒரு முறை அந்த வேறுபாடு கண்ணில் படாமலே போகும்.