'ரன்' என்றால் ஓட்டம் மட்டும்தானா?

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஊரிலிருந்து கொல்கத்தா வந்து எங்களோடு தங்கியிருந்தார். ரத்த அழுத்தத்துக்காக அவரை டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. அன்று எனக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகனைத் துணைக்கு அனுப்பினேன். டாக்டர் வங்காளி. அம்மாவுக்கோ தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. நடுவில் மொழிபெயர்ப்பாளர் பையன்தான்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, 'டோன்ட் லெட் ஹர் ரன் அவுட் ஆஃப் தீஸ்' என்று சொல்லியிருக்கிறார். பையனுக்கு அர்த்தம் நன்றாகவே தெரியும். தமிழில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. பாட்டியிடம் இங்கிலீஷ் கலக்காமல் பேச வேண்டும் என்று நான் வேறு கண்டித்து வைத்திருந்தேன். "பாட்டி, மாத்திரை ஓடிப் போகக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டான். "மாத்திரை எங்கேடா ஓடும்?" என்று சிரித்துக்கொண்டே அம்மா அதை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு அழுத்தி மூடி வைத்தார்.

முப்பது நாளில் மாத்திரை முடிந்தது. மேற்கொண்டு வாங்கும்படி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு காலையில் குளியலறையில் அவருக்குத் தலை சுற்றியது. நல்ல வேளையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பார்த்தால் ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. "மாத்திரையை ஏம்மா நிறுத்தினே?" என்று கேட்டேன். "ஓடக் கூடாதுன்னுதானே சொன்னார்? அது எங்கேயும் ஓடலையே, தீர்ந்துதானே போச்சு!" என்றார்.

அன்று இரவு பையனும் நானும் அகராதியும் கையுமாக உட்கார்ந்தோம். அப்போது தொடங்கிய பாடத்தைத்தான் இங்கே அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் மிகுதியான பொருள் கொண்ட சொல் என்ற பெருமை 'செட்' என்பதற்கு இருந்தது. பிறகு திருத்தி எழுதியபோது 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்! அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்திருக்கிறது. பிள்ளைகள் பயப்பட வேண்டாம். 645-ஐயும் யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை.

இந்தச் சொல்லுக்குக் காலால் ஓடுவது போலவே நீர் ஒழுகுவதும் பழைய பொருள்தான். இதற்கு உறவான ஜெர்மன் சொல் 'ரின்னென்' இன்றும் ஒழுகுவதையே குறிக்கிறது. நம் 'ஓடு'வும் இதற்கு இளைத்ததல்ல. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. தெரு முழு நீளமும் சாக்கடை ஓடுகிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்கிறோம். 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது. இங்கெல்லாம் 'ரன்'னுக்கு 'ஓடு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கிரிக்கெட்டில் நாம் 'ரன்' என்றே சொல்கிறோம். இலங்கைத் தமிழர் 'ஓட்டம்' என்று அழகாகச் சொல்கிறார்கள்.

இப்படிப் பாதி வழி கூடவே வருவதுதான் ஆபத்து. மீதி வழியிலும் வரும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். மூக்கு 'ரன்' ஆனால் தமிழில் ஒழுகுகிறது. துணியில் சாயம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 'ரன்னிங் லேட்' என்றால் தாமதமாக வருகிறது. கடையை 'ரன்' செய்பவர் கடை நடத்துகிறார். பழைய நண்பரை 'ரன் இன்டு' செய்தால், அவர்மேல் போய் மோதவில்லை. தற்செயலாக எதிர்ப்பட்டார், அவ்வளவுதான். சர்க்கரை வியாதி 'ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்றால் பரம்பரையாக வருகிறது. 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையிருப்பு தீர்ந்து போகிறது. இந்தக் கடைசி இரண்டையும் டாக்டரிடம் பாட்டி தாத்தாவை அழைத்துப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள்.

தேர்தல் விஷயம் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' பண்ணுகிறார். இங்கிலாந்தில் 'ஸ்டாண்ட்' பண்ணுகிறார். நம் ஊரிலும் அவர் நிற்கத்தான் செய்கிறார்! ஓடுவது, ஜெயித்த பிறகு அவரைத் தேடும் நாம்தான்.

'ட்ரயல் ரன்' என்பதற்கு என்ன என்று பையன் கேட்டான். நான் 'சோதனை ஓட்டம்' என்றேன். உள்ளே படுத்திருந்த அம்மா "வெள்ளோட்டம்னு சொல்லேன்" என்று குரல் கொடுத்தார். ஊரில் புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்களே, அந்த வெள்ளோட்டம். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 2023 ஏப்ரலில் மெட்ரோ ரயிலை ஓட்டிப் பார்த்தார்களே, அதற்கும் இந்தச் சொல் அச்சாகப் பொருந்துகிறது. மக்கள் ஏறியது 2024 மார்ச்சில்.

பள்ளிக்கூடத்தில் 'ரன்'னுக்கு ஒத்த சொல் எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஒரு பட்டியலை ஒப்பிப்பார்கள். அதில் எல்லாமே ஓட்டம்தான், ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. 'ஸ்ப்ரின்ட்' குறைந்த தூரத்தை முழு வேகத்தில் ஓடுவது. 'ஜாக்' உடற்பயிற்சிக்காக மெதுவாக ஓடுவது. 'கேலப்' குதிரையின் நாலுகால் பாய்ச்சல். 'ஃப்ளீ' உயிருக்குப் பயந்து ஓடுவது. 'எலோப்' காதலனோடு ஓடிப்போவது. இதை விடைத்தாளில் எழுதுமுன் யோசிக்கவும்! ஓட்டல் 'ரன்' செய்பவருக்கு இவற்றில் ஒன்றும் ஆகாது. அங்கே 'மேனேஜ்' என்றுதான் எழுத வேண்டும். வாக்கியத்தைப் பார்க்காமல் ஒத்த சொல் எழுதினால், ஓட்டல்காரர் ஊரைவிட்டே ஓடிவிடுவார்.

அம்மா இப்போது மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. டி.வி.யில் பேரனோடு சேர்ந்து கிரிக்கெட்டும் பார்க்கிறார். போன வாரம் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்: "டேய், இன்னும் நாலுதான் இருக்கு. ரன் அவுட் ஆகறதுக்குள்ளே ஓடிப்போய் வாங்கிட்டு வா."