பாதியில் கைமாறும் விமானம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தொழிற்சாலை வெட்டியும் வளைத்தும் துளையிட்டும் பெட்டிகளில் அனுப்பும் பாகங்களை, வாங்கியவர் தம் கொட்டகையிலோ பட்டறையிலோ வைத்து, வரைபடத்தைப் பின்பற்றித் தம் கையாலேயே பொருத்திப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவரும் சிறு விமானம் ‘கிட் விமானம்’ எனப்படுகிறது. ஆயிரம் முதல் இரண்டாயிரம் மணி நேரம் வரையிலும் சில வேளைகளில் அதற்கு மேலும் உழைப்பைக் கேட்கும் இந்த வேலை ஆண்டுக்கணக்கில் நீள்வதால், நோயும் பணமுடையும் வேலைமாற்றமும் மரணமும் குறுக்கிட்டுப் பல விமானங்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. அப்படி நின்றவை, வால்பகுதி முடிந்து இறக்கை ஒன்று மூடப்பட்ட நிலையிலோ, சக்கரங்கள் பூட்டப்பட்டு இயந்திரத்துக்குக் காத்திருக்கும் நிலையிலோ, குறைந்த விலைக்கு வேறொருவர் கைக்குப் போகின்றன. தேயிலை உருட்டும் எந்திரங்களையும் காய்கறி லாரிகளையும் பழுதுபார்த்தே பழகிய கைகள் நிறைந்த, மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள லெம்பா பெர்த்தாம் போன்ற ஊரில் இத்தகைய வாய்ப்பு ஒருவரை ஈர்ப்பது இயல்பே. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்துள்ள நம்பிக்கைகளில் சில பணத்தைப் பறிப்பவை, சில உயிரைப் பறிப்பவை என்பதால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

மிகப் பரவலான நம்பிக்கை சட்டத்தைப் பற்றியது. ‘51 சதவீத விதி’ என்று பேச்சுவழக்கில் அறியப்படும் அமெரிக்க விதியின்படி, விமானத்தின் பாதிக்கு மேற்பட்ட வேலையை இப்போதைய உரிமையாளரே செய்திருக்க வேண்டும் என்றும், ஆகவே முக்கால்வாசி முடிந்த விமானத்தை வாங்குபவருக்குத் தற்கட்டுமான விமானம் என்ற தகுதி கிடைக்காது என்றும் பலர் கருதுகின்றனர். விதி அவ்வாறு கூறவில்லை. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அந்தப் பணியை மேற்கொண்டவர்கள் அதன் பெரும்பகுதியைச் செய்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அவர்கள் ஒருவராக இருக்கலாம், அடுத்தடுத்து வந்த மூவராகவும் இருக்கலாம். முதலில் தொடங்கியவரின் உழைப்பும் முடிப்பவரின் உழைப்பும் ஒரே கணக்கில் சேர்கின்றன. கூலி கொடுத்து ஒரு தொழில்முறைப் பட்டறையில் செய்வித்த வேலை அந்தக் கணக்கில் சேராது.

இதில் சிக்கல் விதியில் இல்லை, சான்றில்தான் இருக்கிறது. முன்னவர் செய்த வேலை அவர் செய்ததுதான் என்பதைத் தேதியிட்ட நாட்குறிப்பும் கட்டுமான நிலைகளைக் காட்டும் படங்களும் பாகங்கள் வாங்கிய ரசீதுகளும் மட்டுமே நிறுவ முடியும். அவை இல்லாவிட்டால் எவ்வளவு நேர்த்தியான வேலையும் யாருடையது என்று சொல்ல முடியாததாகி, பதிவு அதிகாரியின் முன் நிற்காமல் போகலாம். பிரிட்டனில் இலகு விமானச் சங்கத்தின் மேற்பார்வையில் கட்டப்படும் விமானங்களை ஒவ்வொரு நிலையிலும் ஓர் ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திடுவது வழக்கம். கைமாறும்போது அந்தப் பதிவேடும் உடன் செல்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் இலையை வாட்டும் கட்டம் நடந்துகொண்டிருக்கையில் ஷிப்ட் மாறினால், அடுத்து வருபவர் இலை எத்தனை மணி நேரம் வாடியது என்ற குறிப்பைப் பார்க்காமல் உருட்டலுக்கு அனுப்பமாட்டார். விமானத்தின் நாட்குறிப்புக்கும் அதே இடம்தான் உண்டு. விலை பேசும்போது விமானத்தைவிட முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான்.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆகவே பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்த கிட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பது அடுத்த நம்பிக்கை. கேமரன் மலையின் ஈரக்காற்றில் இது மிகவும் ஆபத்தான நம்பிக்கையாகும். விமானங்களில் பயன்படும் 2024 வகை அலுமினியக் கலவை வலிமை மிக்கது. ஆனால் செம்பு கலந்திருப்பதால் அரிப்புக்கு எளிதில் இடங்கொடுப்பது. அதனாலேயே அதன் இருபுறமும் தூய அலுமினியத்தின் மெல்லிய படலம் பூசப்படுகிறது. அந்தப் படலம் கீறல்களிலும் துளைகளின் ஓரங்களிலும் அறுபட்டிருக்கும். கீறல் விழாதிருக்கத் தகடுகளின் மேல் ஒட்டி அனுப்பப்படும் நீல நிறப் பிளாஸ்டிக் படலத்தைக் கழற்றாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால், அதன் கீழ் ஈரம் தங்கி, நூலிழைபோல் பரவும் அரிப்பு உண்டாகிறது. விற்பவர் ‘இன்னும் படலம்கூட உரிக்கப்படவில்லை’ என்று பெருமையாகக் காட்டும் தகட்டையே முதலில் உரித்துப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உலோகமல்லாத பாகங்களின் நிலை இன்னும் நுட்பமானது. எரிபொருள் தொட்டியின் இணைப்புகளை அடைக்கும் பாலிசல்பைடு பசைக்கும் எபாக்சி பிசினுக்கும் காலாவதி நாள் உண்டு. ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதுமையடைகின்றன. கண்ணாடியிழையையும் எபாக்சியையும் அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்யப்படும் கூட்டுப்பொருள் விமானமானால், கட்டிய கொட்டகையின் குளிரும் ஈரமுமே அதன் வலிமையின் ஒரு பகுதியைத் தீர்மானித்திருக்கும். குளிர்ந்த ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின் மேற்பரப்பில் மெழுகுபோன்ற ஒரு படலம் வியர்ப்பது உண்டு. அதை நீரால் கழுவித் தேய்த்து நீக்காமல் அடுத்த அடுக்கை ஒட்டினால் இரண்டு அடுக்குகளும் முழுமையாகப் பிணைவதில்லை. வண்ணம் பூசிய பிறகு அந்தக் குறையைக் கண்ணால் காண முடியாது. நாணயத்தால் தட்டி ஒலி மாறும் இடத்தைத் தேடும் எளிய சோதனை பிரிந்த அடுக்கைக் காட்டிக்கொடுக்குமேயன்றி, பலவீனமாக ஒட்டிய அடுக்கைக் காட்டாது. இரவில் குளிர்ந்து பகலில் பனிமூட்டம் இறங்கும் இந்த மலையில் கட்டப்பட்ட விமானத்தை வாங்குபவர், எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில் ஒட்டினார்கள் என்று கேட்பது மிகையான கேள்வியாகாது.

கிட்டுடன் இயந்திரமும் சேர்ந்து கிடைத்தால் அதை இலாபமென்று எண்ணுவதும் வழக்கம். லைகாமிங் இயந்திரங்கள் பலவற்றில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேற்பகுதியில் அமைந்திருப்பதால், நெடுநாள் ஓடாமல் கிடக்கும்போது எண்ணெய் அதிலிருந்து வழிந்து இறங்கிவிடுகிறது. உலர்ந்த உருக்கின் மேல் ஈரம் படிந்து துருப்புள்ளிகள் விழுகின்றன. முறையான காப்பு எண்ணெயும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் இட்டு மூடப்படாத இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் செலவையும் வாங்கும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வெளியே பளபளப்பாக இருப்பது உள்ளேயும் செம்மையாக இருக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எதைப் பார்ப்பது என்பதைச் சொல்லியாக வேண்டும். தகடுகளை இணைக்கும் ரிவெட், அதாவது துளையில் செருகி மறுமுனையை அடித்துப் பரப்பும் உலோக ஆணி, சரியாக அடிக்கப்பட்டிருந்தால் பரப்பிய தலையின் அகலம் ஆணியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்கும். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து விட்டத்தைப்போல் இரு மடங்கு தூரத்திலேனும் இருக்க வேண்டும். ஒரு சிறு அளவுகோலை எடுத்து முப்பது நாற்பது ரிவெட்டுகளை அளந்து பார்த்தாலே முன்னவரின் கை தெரிந்துவிடும். மூடப்பட்ட இறக்கைக்குள் குழாய்முனைக் கேமராவைச் செலுத்திப் பார்க்கலாம். அங்கும் எட்டாத இடங்களுக்கு, மூடுவதற்கு முன் எடுக்கப்பட்ட படங்களே சாட்சி. படமும் இல்லை, கையும் ஐயத்துக்குரியது என்றால் மூடியதைத் திறப்பதுதான் வழி. முன்னவரின் உழைப்பை அவமதிப்பதாக இதைக் கருதக்கூடாது. அவர் உயிரோடிருந்து தாமே பறக்கப்போகிறார் என்றாலும் இதையே செய்யும்படி நல்ல ஆய்வாளர் சொல்லியிருப்பார்.

விமானத்தை வடிவமைத்தவர் பெயர் பெற்றவர் என்றால் அந்த வகை விமானம் எதுவும் நம்பத்தக்கது என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு, தமிழ் வாசகர்களுக்கும் ஒரு விதத்தில் நெருக்கமான வரலாறு உண்டு. அமெரிக்கர் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈசி என்ற கூட்டுப்பொருள் விமானத்தைத் தழுவியே 1980களில் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம், பேராசிரியர் ருஸ்தம் தமானியாவின் முயற்சியில், தனது இலகு கனார்ட் ஆய்வு விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டது. கனார்ட் என்பது வாலுக்குப் பதிலாக மூக்கருகே சிறு இறக்கை வைக்கும் அமைப்பு. அந்த ஆய்வு விமானத்தின் வழித்தோன்றலே பின்னர் பேராசிரியரின் பெயர் தாங்கிய ருஸ்தம்-1 ஆளில்லா விமானம் ஆயிற்று. அதே லாங்-ஈசி வகையைச் சேர்ந்த, வேறொருவர் கட்டிய விமானத்தை வாங்கிய பாடகர் ஜான் டென்வர், 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். எரிபொருளை எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்பதை மாற்றும் வால்வை வடிவமைப்பாளர் விமானியின் கால்களுக்கிடையே வைத்திருந்தார். கட்டியவரோ அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதை எட்டித் திருப்ப உடலைத் திருப்பும் விமானியின் கால், தன்னையறியாமலே சுக்கான் மிதியை அழுத்திவிடக்கூடும் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. வடிவம் நல்லது, வேலையும் உறுதியானது; வரைபடத்திலிருந்து விலகிய ஓர் இடம் மட்டும் அடுத்தவருக்குப் பழகவில்லை. ஆகவே பாதியில் எடுப்பவர் முன்னவரிடம் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி, ‘எங்கெங்கே வரைபடத்தை விட்டு விலகினீர்கள்?’ என்பதாகும். அவர் இல்லாவிடில் வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து ஒவ்வொரு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே மிஞ்சும் வழி.

ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிப்பது மலேசியாவுக்குப் புதிதன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவான ஈகிள் என்ற இருவர் விமானத்தை 1990களில் மலேசியாவின் சிடிஆர்எம் நிறுவனம் ஏற்றுக்கொண்டு மலாக்காவில் உற்பத்தி செய்தது; சுவிட்சர்லாந்தின் டேட்வைலர் நிறுவனம் வடிவமைத்த எம்டி3 என்ற பயிற்சி விமானமும் அதே காலத்தில் மலேசியத் தயாரிப்பாயிற்று. இவை கிட் விமானங்கள் அல்ல, நிறுவனங்களுக்கிடையே கைமாறியவை. ஆயினும் இத்தகைய கைமாற்றத்தில் உலோகத்தையும் அச்சுகளையும்விட வரைபடங்களும் சோதனை முடிவுகளுமே பெறுமதி மிக்கவை.

கிட்டை விற்ற நிறுவனம் இருக்கும்வரை கவலையில்லை, அது மூழ்கினால் எல்லாம் வீண் என்ற இரட்டை நம்பிக்கையும் பாதி உண்மையே. 1970களில் ஜிம் பீட் விற்ற பிடி-5 என்ற குட்டி விமானத்தின் கிட்டை ஆயிரக்கணக்கானோர் வாங்கினர். வாக்களித்த இயந்திரம் வராமலும் நிறுவனம் திவாலாகியும் மிகப் பெரும்பாலானவை பறக்கவேயில்லை. மறுபுறம், உலகில் மிகுதியாகக் கட்டப்படும் ஆர்வி வகைக் கிட்டுகளின் வேன்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் திவால் சட்டப் பாதுகாப்புக் கோரி, விலைகளை உயர்த்தி, 2024இல் மீண்டு நின்றது. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று: 2022–23 காலத்தில் அந்நிறுவனம் விற்ற, லேசரால் துளையிட்ட பாகங்கள் சிலவற்றில், ரிவெட் தலை பதிவதற்காகத் துளையின் ஓரத்தைக் குழித்தபோது விரிசல்கள் தோன்றின. அந்தக் காலத்துக் கிட் பாதியில் விற்பனைக்கு வருமானால், எந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன, எவை மாற்றப்படாமலே பொருத்தப்பட்டன என்பதற்கான சான்றைக் கேட்டாக வேண்டும்.

உடல் முடிந்துவிட்டால் தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்ற கணக்கும் பொய்க்கிறது. செலவில் பெரும்பங்கு பின்னால்தான் வருகிறது: இயந்திரம், சுழலி, மின்கம்பிகள், கருவிப்பலகை, எரிபொருள் இணைப்புகள், வண்ணம் ஆகியவை சேர்ந்து உலோக உடலின் விலையைத் தாண்டிவிடும்.

கட்டி முடித்தவரே அதைப் பறக்கவிடத் தகுந்தவர் என்ற நம்பிக்கைதான் இறுதியானதும் கொடியதும் ஆகும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, முந்தைய ஆண்டில் தற்கட்டுமான விமானங்களுக்கு நேர்ந்த 224 விபத்துகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பிறர் கட்டியதை வாங்கியவர்களின் விமானங்கள். புதிதாகக் கட்டிய விமானத்தின் முதல் பறப்பிலேயே நேர்ந்த விபத்துகள் 10; வாங்கியவரின் முதல் பறப்பில் நேர்ந்தவை 14. பல ஆண்டுகள் கொட்டகையிலேயே கழித்தவருக்குப் பறக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். ஆகவே அதே வகை விமானத்தில் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு முதல் பறப்பை நடத்துவதில் இழுக்கு ஒன்றுமில்லை. சோதனைப் பறப்பு அமெரிக்காவில் வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம், பயணிகள் இன்றி, வரையறுத்த பரப்புக்குள் நடத்தப்படுகிறது.

லெம்பா பெர்த்தாம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்குள்ள காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடச் சுமார் ஒன்பது சதவீதம் குறைவு. இயந்திரத்தின் வலுவும் சுழலியின் இழுப்பும் அதற்கேற்பக் குறையும். கேமரன் மலையில் விமான ஓடுபாதையும் இல்லை. இங்கே முடிக்கப்படும் எந்த விமானமும் இறக்கைகள் கழற்றப்பட்டு, வளைவுகள் நிறைந்த மலைச்சாலை வழியே தாழ்நிலத்து விமானத்தளம் ஒன்றுக்கு இறக்கப்பட்டு, அங்கே மறுபடி பொருத்தப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்படும் வாய்ப்பு உண்டு என்பதால், மிதியை அழுத்தும்போதும் கைப்பிடியைச் சாய்க்கும்போதும் சுக்கானும் இறக்கை மடல்களும் எந்தப் பக்கம் அசைகின்றன என்பதை இன்னொருவர் வெளியே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க விதிகளோ பிரிட்டன் நடைமுறையோ மலேசியாவில் செல்லுபடியாவதில்லை. 9எம் என்ற பதிவெழுத்துகளை வழங்குவதும் பறக்க அனுமதிப்பதும் மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் அதிகாரம். குறிப்பிட்ட விமானத்தை, குறிப்பிட்ட நிலையில், முன்னவரின் பதிவேட்டோடு ஏற்பார்களா என்ற கேள்விக்கு அந்த ஆணையத்திடமிருந்து எழுத்தில் பதில் பெற்ற பின்னரே முன்பணம் கொடுப்பது முறை.