கூரம் செப்பேட்டைப் படிக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கல்வெட்டியல் படிக்கச் சேர்ந்திருக்கிறாய். பயிற்சிக்கு எதை முதலில் எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். கூரம் செப்பேட்டை எடு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், கூரத்தாழ்வான் பிறந்த அதே கூரம்தான். அவ்வூர்ச் சிவன் கோயிலுக்குப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த ஏழாம் நூற்றாண்டுக் கொடை. 1890இல் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்துவிட்டதால் வாசகம் கையோடு கிடைக்கும். எழுத்து பழகப் பழக வந்துவிடும். எந்த வரியை எவ்வளவு நம்பலாம் என்று தெரிவதற்குத்தான் நாளாகும்.

முன்பகுதி வடமொழி. பல்லவனின் யானை அரிவாரணம், குதிரை அதிசயம் என்று பேர் சொல்லி, போர்க்களத்தை விஸ்தாரமாக வர்ணித்து, பல லட்சம் படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் கந்தலைச் சுற்றிக்கொண்டு தனியே ஓடினான் என்கிறது. படிக்கும்போதே மனசு நம் ஊர்ப் பக்கம் சாயும். உடனே கத்வால் செப்பேட்டை எடுத்துப் பக்கத்தில் வை. 674இல் அந்த விக்கிரமாதித்தனே கொடுத்தது. அதில் பல்லவனை வென்று காஞ்சியைப் பிடித்தவன் அவன்!

யாரோ ஒருவர் புளுகுகிறார் என்று முடிவுகட்டாதே. காஞ்சி கைவிட்டுப் போனதைக் கூரம் சொல்லாது. தோல்வியைக் கத்வால் சொல்லாது. அது எழுதப்பட்டபோது அந்தத் தோல்வி நடந்தே இருக்காது என்றும் கொள்ளலாம். அதில் வெற்றி முழக்கத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சின்னத் தகவல்: காவிரித் தென்கரை உரகபுரத்தில் பாசறை இருந்தபோது கொடுத்த சாசனம் அது. பெருமைக்காக எழுதிய வரி இல்லை, அலுவல் வரி. சாளுக்கியப் படை அவ்வளவு தெற்கே வந்திருக்கிறது என்பதை அதுதான் நிறுவுகிறது.

கூரத்தின் தமிழ்ப் பகுதி முழுக்க இப்படிப்பட்ட வரிகள்தான். கொடையாகத் தந்த ஊர் பரமேசுவரமங்கலம், 25 பங்கு. பூசைக்கும் பழுதுபார்க்கவும் மூன்று, மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தர ஒன்று, அங்கே பாரதம் வாசிக்க ஒன்று, மீதி 20 சதுர்வேதிகளுக்கு. பாலாற்றிலிருந்து ஏரிக்கு வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலும் வருகிறது. இங்கே அளந்துவிட முடியாது. எல்லையை ஒரு முழம் தள்ளி எழுதினால் பக்கத்து நிலத்துக்காரன் சபையில் வந்து நிற்பான்.

அதற்காக இதையும் அப்படியே விழுங்கிவிடாதே. பாரதத்துக்குப் பங்கு ஒதுக்கினார்கள் என்பது உறுதி. வாசித்தார்களா, எத்தனை தலைமுறை வாசித்தார்கள் என்பதற்குச் செப்பேடு சாட்சி இல்லை. ஆணை வேறு, நடப்பு வேறு.

காஞ்சிபுரம் போனால் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை விளம்பரங்களையும் இந்தக் கண்ணோடு பார். 'பரம்பரை', 'பாரம்பரியம்' எல்லாம் மெய்க்கீர்த்தி, அரசன் புகழ் பாடும் வரி மாதிரி. சில்க் மார்க் அட்டை அலுவல் வரி. ஆனால் பட்டு அசல் என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. புடவை கைத்தறியா, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

முதல் வேலையாகத் தமிழ்ப் பகுதியில் வரும் எல்லைகளையும் வாய்க்காலையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. போரைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.

அன்புடன்,
அண்ணன்