நொய்யல் புகட்டும் பாடம்
தொழிலின் ஆதாயமும் அயலார் நிலமும்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் உற்பத்தியாகி, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களின் வழியே சென்று, கரூர் ஜில்லாவில் காவிரியுடன் கலக்கும் நொய்யல் நதியைக் கொங்கு நாட்டார் யாவரும் அறிவர். அணைகளும் குளங்களும் வாய்க்கால்களும் அமைத்து, மழைக்காலத்து வெள்ளத்தைச் சிக்கனமாகத் தேக்கிப் பண்ணையம் செய்தவர்கள் நம் முன்னோர். அத்தகைய நதிக்கு நேர்ந்த கதியை ஆராய்ந்தால், புதிய தொழில் ஒன்றைத் தொடங்குவோர் அனைவரும், விவசாயிகள் உட்பட, கற்கவேண்டிய பாடம் ஒன்று விளங்கும்.

திருப்பூரின் பனியன் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பளிப்பது. அதன் பெருமையைக் குறைத்துக் கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது, சாயம் நூலில் நன்றாகப் பிடிக்கும் பொருட்டு உப்பை ஏராளமாகச் சேர்க்கவேண்டியிருக்கிறது. இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. கழுவும் நீருடன் வெளியே வந்துவிடுகிறது. ஆதியில் ஏற்படுத்திய சுத்திகரிப்பு முறைகள் நீரின் நிறத்தைப் பெரும்பாலும் நீக்கினவேயன்றி, கரைந்திருந்த உப்பை நீக்கவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றிய நீரும் பயிருக்குப் பகையாகவே இருந்தது.

உப்பு நிலத்தில் சேரும் விதத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரை ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் பாய்ச்சுவதாகக் கொள்வோம். அந்நீர் ஏறக்குறைய 1,03,000 லிட்டராகும். அதனுடன் வரும் உப்பு சுமார் 206 கிலோ. ஒரு போகத்தில் 20 அங்குலம் பாய்ச்சினால் 4 டன்னுக்கு மேற்பட்ட உப்பு அந்த ஏக்கரில் விழும். நீரை வெயிலும் பயிரும் உறிஞ்சிக்கொள்ளும். உப்போ மண்ணிலேயே நின்றுவிடும். வேரால் நீரை இழுக்க இயலாமல் பயிர் வாடும். சோடியம் மிகுந்தால் மண்ணின் கட்டுக்கோப்புக் குலைந்து, நீர் உள்ளே இறங்காமல் நிலம் இறுகிவிடும்.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே கட்டிய அணை 1992-ல் பயனுக்கு வந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அந்த அணையில் சில ஆண்டுகளுக்குள் சாயத்தண்ணீர் தேங்கலாயிற்று. பக்கத்துக் கிணறுகள் உப்பேறின. தண்ணீர் வேண்டும் என்று கேட்டு அணை பெற்ற ஆயக்கட்டுதாரர்களே, அந்நீரைத் தங்கள் நிலத்துக்கு விடவேண்டாம் என்று தடுக்கும் நிலை வந்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் நியாயஸ்தலத்தை நாடினர். ஏற்கெனவே 1996-ல், வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற நியதியைச் சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியிருந்தது. நொய்யல் வழக்கில் சென்னை ஹைகோர்ட்டு 2006 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசா முதல் 10 பைசா வரை படிப்படியாக உயரும் தண்டத்தொகை விதித்து, கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத ஏற்பாட்டைச் செய்யுமாறு கட்டளையிட்டது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதிப்படுத்தியது. கட்டளை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. அதனால் கூலியாட்கள் பலர் வேலையிழந்து வருந்தினர். முன்கூட்டியே செய்திருக்கவேண்டிய செலவைத் தள்ளிப்போட்டதன் பளு, அச்செலவில் ஆதாயம் காணாத ஏழைகள்மேலும் விழுந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

பின்னர் பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்திருத்தி அமைத்தன. நுண்ணிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்திச் செலுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுக்கின்றனர். எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பை மீட்கின்றனர். மீட்ட நீரும், உப்பில் பெரும்பகுதியும் மீண்டும் சாயமேற்ற உதவுகின்றன. இதற்கு எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகின்றன. உபயோகமற்ற கலப்பு உப்பைக் காத்துவைப்பதும் தொல்லையே. எனினும் முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் முடிந்தது. ஒரு புதிய முறை மலிவானதா என்பதை அயலாருடைய நிலத்துக்கும் நீருக்கும் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். அவ்வாறு கணக்கிடாத லாபம் லாபமன்று. பிறரிடம் வாங்கித் திருப்பாத கடனே.

இந்நியதி விவசாயிகளாகிய நமக்கும் பொருந்தும். தோட்டத்துக் கிணற்று நீரை லாரிகளில் ஏற்றி விற்போர், அடுத்த தோட்டத்தின் ஊற்றையும் விற்கிறார் என்பதை மறக்கலாகாது. அளவுக்கு மிஞ்சி ஆழ்துளைக் கிணறு இறக்குவதும் இத்தகையதே.

பாதிக்கப்பட்ட பிரதேசத்து நிலச்சுவான்தார்கள் பின்வருமாறு செய்தல் நலம்:

1. ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். பம்பை அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகு, சுத்தமான புட்டியை அந்நீராலேயே அலம்பி நிரப்பி, சர்வே நம்பரும் தேதியும் எழுதி ஒட்டவேண்டும்.

2. மண் பரிசோதனை செய்து, சோடியம் மிகுந்திருந்தால் மட்டும், சொல்லப்படும் அளவில் ஜிப்சம் இட்டு, வடிகால் அமைத்து, மழைநீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்கவேண்டும். வடிகாலின்றி ஜிப்சம் இடுவது வீண் செலவு.

3. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழவேண்டும். தொழு உரம் தாராளமாக இடவேண்டும்.

4. நிலம் தேறும்வரை வெங்காயம், அவரை முதலிய உப்பைத் தாங்காத பயிர்களை விலக்கி, பருத்தி, தென்னை போன்றவற்றைத் தேர்ந்துகொள்ளவேண்டும்.

கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவர்களும், ஓடையில் நிறம் மாறிய நீரோ நுரையோ இரவில் வந்தால், நேரத்தையும் இடத்தையும் உடனே குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும். பரிசோதனை முடிவுகளை ஆண்டுதோறும் ஒரே புத்தகத்தில் பதிந்து வருவது மிகவும் முக்கியம். நஷ்டஈடு கோரும் நாளில் வாய்ச்சொல்லைவிட அத்தகைய பதிவே துணை நிற்கும்.

பட்டறையும் பண்ணையமும் ஒரே நதியின் இரு கரைகள். ஒன்றை அழித்து மற்றொன்று நெடுநாள் வாழாது. நொய்யல் நமக்கு இதை மிகுந்த விலைக்குக் கற்பித்திருக்கிறது. அப்பாடத்தை மற்றோர் ஆற்றங்கரையில் மறுபடியும் விலை கொடுத்து வாங்கவேண்டியதில்லை.