நான்கு சர்வர், ஒரு பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் ஐ.டி. பிரிவில் சேர்ந்த செய்தி கிடைத்தது. மகிழ்ச்சி. நான்கு பழைய சர்வர்களையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவரப் போகிறார்களே, அது எப்படி என்று கேட்டிருந்தாய்.

ஈ.ஆர்.பி.க்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, லேபிள் அச்சுக்கு ஒன்று, வருகைப்பதிவுக்கு ஒன்று. நான்கும் பெரும்பாலும் சும்மாதான் ஓடுகின்றன. புதிய சர்வரில் முதலில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஏறும். பிராசசர், மெமரி, டிஸ்க் மூன்றையும் அது பங்கிட்டுக் கொடுக்கும். ஒரே மனையில் நான்கு போர்ஷன் மாதிரி: கிணறு பொது, பூட்டு தனித்தனி. அப்படி ஒவ்வொரு போர்ஷனிலும் ஓடுவதுதான் விர்ச்சுவல் மெஷின். ஐ.பி.எம். 1972லேயே தன் பெரிய கணினிகளுக்கு இந்த முறையைத் தந்தது. சாதாரணக் கணினிகளுக்கு இதைக் கொண்டுவந்த வி.எம்.வேர் தொடங்கியது 1998இல். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான்.

மின்சாரம், ஏ.சி., யு.பி.எஸ். செலவு குறையும். ஆனால் உங்களைப் போன்ற உதிரிபாகக் கம்பெனிக்கு உண்மையான லாபம் வேறு. கார் ஆலைக்கு நேரம் தவறாமல் சரக்கு போக வேண்டும். பார்கோடு லேபிள் வராவிட்டால் லாரி கேட்டைத் தாண்டாது. இப்போது லேபிள் சர்வரின் மதர்போர்டு போனால், புதிதாக வாங்கி, விண்டோஸ் போட்டு, மென்பொருளை ஏற்றி, லைசென்ஸ் தேடி முடிக்க நாட்கள் ஆகும். ஆனால் விர்ச்சுவல் மெஷின் என்பது டிஸ்க்கில் இருக்கும் சில கோப்புகள்தான். அவற்றின் நகல் இன்னொரு பெட்டியில் இருந்தால் சில நிமிடங்களில் எழுப்பிவிடலாம்.

டெஸ்டிங் மெஷினின் பழைய மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்.பி.யில்தான் ஓடும் என்றாயே. எக்ஸ்.பி.க்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அதை விர்ச்சுவல் மெஷினாக்கி, ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வை. ஆனால் அந்தக் கணினிக்குள் தனி கார்டு ஏதும் செருகியிருக்கிறதா என்று முதலில் திறந்து பார். இருந்தால் மாற்றுவது எளிதல்ல. அதை அப்படியே விட்டுவிடு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. நான்கும் ஒரே பெட்டியில் என்றால், அது விழுந்தால் நான்கும் விழும். இரண்டு பெட்டியாகக் கேள். விர்ச்சுவல் மெஷினின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதே. மூல டிஸ்க் போனால் அதுவும் போய்விடும். ஒரு நகல் கம்பெனிக்கு வெளியே இருக்கட்டும். 2015 டிசம்பர் மழையில் இந்த வட்டாரத்துக் கார் ஆலைகளே நின்றன.

வருகிற சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் லேபிள் சர்வரின் பேக்கப்பை வேறு பெட்டியில் ஏற்று. ஆலை நெட்வொர்க்கில் சேர்க்காமல், தனி ஸ்விட்சில் ஒரு பிரிண்டரை மாட்டி ஒரு லேபிள் அடித்துப் பார். எவ்வளவு நேரம் பிடித்தது, எங்கே சிக்கியது என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்