அல்மாக்ரோவில் ஒரு ராத்திரி

மாட்ரிட், பார்சிலோனா, கிரனாடா என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்புகிறவர்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரையும் பார்த்துவிட ஆசை இருக்கும். பெரும்பாலும் தொலேதோவுக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, சாயங்காலமே திரும்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால் லா மஞ்சா சமவெளியில் இருக்கும் அல்மாக்ரோவைத்தான் சொல்வேன். பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர். நடந்தே சுற்றிவிடலாம். ஆனால் ராத்திரி தங்கியே ஆக வேண்டும். ஊரின் பெரிய சொத்து 1628-இல் கட்டிய ஒரு நாடகக் கொட்டகை; அங்கே இன்றும் நாடகம் நடக்கிறது. அதைப் பகலில் காலியாகப் பார்த்துவிட்டு வருவது, கச்சேரி இல்லாத நாளில் சபாவைச் சுற்றிப் பார்த்த கதைதான்.

ஆகவே திட்டம் போடும் வரிசையை மாற்றுங்கள். முதலில் நாடகச் சீட்டு, அப்புறம் அறை, கடைசியில் ரயில்.

1. தேதியை நாடகத்திடம் விடுங்கள்

ஜூலை மாதத்தின் பெரும்பகுதியும் இங்கே சர்வதேசச் செவ்வியல் நாடக விழா. 1978-இலிருந்து நடக்கிறது. லோபே தே வேகா, கால்தெரோன் நாடகங்களை ஸ்பெயினின் தேர்ந்த குழுக்கள் கொட்டகையிலும், பழைய மடங்களின் முற்றங்களிலும் போடுவார்கள். ஊரே விழித்திருக்கும். அதே சமயம் வெயில் 35 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், அறைகள் வெகு முன்பே தீர்ந்துவிடும், வாடகையும் ஏறிவிடும். கூட்டம் ஒத்துவராது என்றால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபரில் ஒரு வாரக்கடைசியைப் பிடியுங்கள். விழா இல்லாத மாதங்களிலும் சனிக்கிழமைகளில் நாடகம் போடுவதுண்டு. கொட்டகையின் நிகழ்ச்சி நிரலை இணையத்தில் பார்த்து, சீட்டு கையில் வந்த பிறகு மற்றதைத் தொடுங்கள். திங்கட்கிழமையைத் தவிருங்கள், ஸ்பெயினில் அருங்காட்சியகங்கள் பலவும் அன்று பூட்டியிருக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

2. போய்ச் சேருவது

மாட்ரிட் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சியூதாத் ரேயால். அங்கிருந்து அல்மாக்ரோ சுமார் 25 கிலோமீட்டர். உள்ளூர் ரயில் உண்டு, கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் நாளுக்குச் சில வண்டிகள் மட்டுமே. திரும்பும் வண்டியின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் டாக்சிதான்.

3. எங்கே தங்குவது

கையில் பணம் இருந்தால் பரதோர். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பிரான்சிஸ்கன் மடத்தை அரசே ஓட்டலாக நடத்துகிறது. ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்கு நடப்பதே சுகம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். எதை எடுத்தாலும் சதுக்கத்துக்கு நடந்துபோகும் தொலைவில் எடுங்கள். நாடகம் முடிய நள்ளிரவு நெருங்கிவிடும்.

4. காலை: சதுக்கத்தில் நிமிர்ந்து பாருங்கள்

பிளாசா மாயோர் என்னும் பெரிய சதுக்கத்தில் தொடங்குங்கள். நீளவாக்கில் இரண்டு பக்கமும் கல் தூண் வரிசை. தூண்களுக்கு மேலே இரண்டு தளங்களுக்குப் பச்சை மரச்சட்டமிட்ட கண்ணாடி ஜன்னல்கள் இடைவெளியே இல்லாமல் ஓடும். இப்போது வீடுகள் போலத் தெரிந்தாலும் அந்தக் காலத்தில் இவை பார்வையாளர் மாடங்கள். கீழே காளைச் சண்டை, திருவிழா எல்லாம் நடக்கும். வசதியானவர்கள் மேலே நின்று பார்ப்பார்கள். பிற்பாடுதான் கண்ணாடி போட்டு மூடினார்கள்.

காய்ந்த சமவெளியின் நடுவே இப்படி ஒரு வட ஐரோப்பியச் சாயல் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் ஃபுக்கர் குடும்பத்தைக் கைகாட்டுவார்கள். 1519-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்வு பெறுவதற்குப் பணம் புரட்டிக் கொடுத்த வட்டிக்காரர்கள் அவர்கள். கடனுக்கு ஈடாக அல்மதேன் பாதரசச் சுரங்கத்தையும், கலாத்ராவா வீரத்துறவியர் நிலங்களின் வருமானத்தையும் குத்தகைக்கு எடுத்தார்கள். அவர்களுடைய முகவர்கள் அல்மாக்ரோவில் வந்து அமர்ந்தார்கள். அமெரிக்காவில் வெள்ளியைப் பிரித்தெடுக்க அன்று பாதரசம் பெரிதும் தேவைப்பட்டது. அந்த வியாபாரத்தின் காசு இந்தத் தெருக்களில் புரண்டது. ஃபுக்கர் பண்டகசாலை இன்றும் நிற்கிறது. பக்கத்துத் தெருக்களில் நடக்கும்போது வாசல்களுக்கு மேலே பாருங்கள்: கல்லில் செதுக்கிய குலச் சின்னங்கள், வீட்டுக்கு வீடு போட்டி போட்டுக்கொண்டு.

சதுக்கத்தை ஒட்டி நிற்கும் சிலை தியேகோ தே அல்மாக்ரோவுடையது. பிசாரோவோடு கூட்டுச் சேர்ந்து பெருவைப் பிடித்தவர். பிறகு பங்குச் சண்டை முற்றி, 1538-இல் பிசாரோவின் தம்பி உத்தரவால் கொல்லப்பட்டார். ஊர் அவரைப் பெருமையாகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. இன்கா மக்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

இரண்டு மணிக்குள் வேலைகளை முடியுங்கள். அதன் பிறகு ஐந்து மணிவரை கடைகளில் கதவு சாத்தியிருக்கும்.

5. லேஸ் வாங்குவதற்கு முன்

வாசலில் நாற்காலி போட்டு லேஸ் பின்னும் வயதான பெண்மணியைப் பார்க்க வாய்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். மடியில் உருளை போன்ற ஒரு திண்டு, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைகளில் குண்டூசிகள். நூல் சுற்றிய மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு பின்னலுக்கு ஓர் ஊசி குத்தி நகர்கிறார்கள். கட்டைகள் மோதும் கடகட சத்தம் நிற்பதே இல்லை. அவரோ எதிர்வீட்டாரோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு விரல் அகல ஓரப்பட்டை வளரவே நேரம் பிடிக்கும். அதனால் சதுக்கத்துக் கடையில் பெரிய மேசைவிரிப்பு மலிவாகக் கிடைத்தால் அது இயந்திரச் சரக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். கையால் செய்ததா என்று நேராகக் கேளுங்கள்: ‘எஸ்தா எச்சோ அ மானோ?’ ஒரு கைக்குட்டை வாங்கினாலும் கைவேலையாக வாங்குங்கள்.

6. சாப்பாடு

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். ராத்திரி ஒன்பதுக்கு முன் சமையலறை திறக்காது. மதியம் ‘மெனு தெல் தீயா’ கேட்டால் நிர்ணய விலையில் முழுச் சாப்பாடு.

ஊரின் பெயர் சொல்லும் பண்டம் ஊறுகாய்க் கத்தரிக்காய். பிஞ்சுக் காயைக் காம்போடு வேகவைத்துக் கீறி, குடைமிளகாய்த் துண்டைச் செருகி, சோம்புச் செடி வகைக் குச்சியால் குத்தி, வினிகர், பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள் கலந்த உப்புநீரில் ஊறப்போடுகிறார்கள். கத்தரிக்காய் நம் பக்கத்துப் பயிர். அரேபியர் வழியாக ஸ்பெயின் போனது. காம்பைப் பிடித்துக் கடிக்க வேண்டும், சட்டையில் சொட்டும்.

சைவர்கள் ஜாக்கிரதை. காய்கறிக் கூட்டு போன்ற ‘பிஸ்தோ’வின்மேல் முட்டை உடைத்து ஊற்றுவார்கள். கேசரிப் பருப்பு மாவில் கிண்டும் ‘காச்சாஸ்’ களி பார்வைக்குச் சாதுவாக இருக்கும், பன்றிக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். ‘சின் கார்னே, சின் ஹமோன்’ (கறி இல்லாமல், பன்றித் துண்டு இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லுங்கள். வெறும் கறி வேண்டாம் என்றால் பன்றித் துண்டைக் கறிக் கணக்கில் சேர்க்காத சமையற்காரர்கள் உண்டு.

7. கொட்டகை

கொர்ரால் தே கொமேதியாஸுக்குள் இரண்டு முறை நுழையுங்கள். முதலில் பகலில், ஒலிவழிகாட்டியோடு. திறந்த முற்றம், சுற்றிலும் செங்காவி பூசிய மரத்தூண்கள், மாடிகள், ஒரு கிணறு. ஆண்கள் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். பெண்களுக்குத் தனி வழி, ‘கசுவேலா’ என்னும் தனி இடம். பணக்காரர்களுக்கு மாடி அறைகள். தேனும் மசாலாவும் கலந்த பானம் விற்க வாசலருகே ஒரு மாடம். இது கட்டப்பட்டபோது லோபே தே வேகா உயிரோடு இருந்தார். பிற்காலத்தில் இது சத்திரமாகி, மேடையைச் சுவர் வைத்து மறைத்துவிட்டார்கள். 1950-களில்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. லண்டனில் நீங்கள் பார்க்கும் குளோப் அரங்கு 1997-இல் புதிதாகக் கட்டியது. இது அசல்.

பக்கத்திலேயே இருக்கும் நாடக அருங்காட்சியகத்தையும் அன்றே முடித்துவிடுங்கள். பழைய உடைகள், அரங்க மாதிரிகள் உண்டு.

பிறகு ராத்திரி, சீட்டோடு. ஸ்பானிஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். தெரிந்தவர்களுக்கே 17-ஆம் நூற்றாண்டு வசனம் பாதி நழுவும். கதைச்சுருக்கத்தை முன்னதாகப் படித்துக்கொள்ளுங்கள். மாடியைவிட முற்றத்து இருக்கை நல்லது. மாடியில் தூண் மறைக்கலாம். இருக்கைகள் சொகுசானவை அல்ல. வசந்தத்திலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பீடபூமியில் பொழுது சாய்ந்தால் குளிர் சட்டென்று இறங்கும்.

8. மறுநாள் நேரம் இருந்தால்

கலாத்ராவா லா நுவேவா கோட்டை தெற்கே மலைமேல் இருக்கிறது. 1212 நாவாஸ் தே தொலோசா போருக்குப் பிறகு கலாத்ராவா துறவியர் கட்டியது. பேருந்தை நம்பிப் போக முடியாது. வாடகைக் கார் இல்லையென்றால் அல்மாக்ரோவிலேயே டாக்சி பேசுங்கள். போக, காத்திருக்க, திரும்ப எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக, ஏறும் முன்பே. மேலே நிழல் குறைவு, தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள்.