வீட்டில் கைபேசி சிக்னல்: குறையை அறிதலும் களைதலும்

கைபேசி இன்று கிராம வாழ்க்கையில் ஆடம்பரப் பொருள் அன்று. வங்கியின் இரகசிய எண்ணும், விளைபொருளின் விலை நிலவரமும், புயல் மழை எச்சரிக்கையும் அதன் வழியே வருகின்றன. பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்கு 108 ஊர்தியை அழைப்பதும் அதன் வழியேதான். ஆயினும், “தெருவில் டவர் கிடைக்கிறது, வீட்டுக்குள் வந்தால் அறுந்துவிடுகிறது” என்னும் முறையீட்டைப் பல ஊர்களில் கேட்கிறோம். எந்தக் கருவியை வாங்கலாம் என்று யோசிக்குமுன், குறை வீட்டில் உள்ளதா, ஊரில் உள்ளதா என்று அறிதலே முதல் வேலையாகும்.

காரணம் என்ன?

கைபேசி கோபுரத்தின் அலையைப் பெறுவதோடு, தானும் கோபுரத்துக்கு அலையை அனுப்புகிறது. கோபுரம் பல வாட் சக்தியுடன் அலை வீசுகிறது; கைபேசியோ 4ஜி முறையில் ஏறத்தாழ 0.2 வாட் அளவே அனுப்ப வல்லது. எதிர்முனையில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்டும், நாம் பேசுவது அவருக்கு எட்டாமற் போவது இதனாலேதான்.

ஓலையும் ஓடும் அலையைப் பெரிதும் தடுப்பதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட்டும் தடித்த சுவரும் அதன் வலிமையைக் குறைக்கின்றன. தகரக் கூரையோ அதனைப் பெரும்பாலும் திருப்பி விடுகிறது. பழைய ஓட்டு வீட்டில் கிடைத்த சிக்னல், அதே மனையில் எழுந்த புது மெத்தை வீட்டில் கிடைக்காமைக்கு இதுவே காரணம். மேலும், 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நெடுந்தூரம் சென்று சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மிகுந்த தகவலைச் சுமக்குமாயினும் சுவரிடம் எளிதில் தோற்கும். ஒரே வீட்டில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைத்து மற்றொன்றினுடையது கிடைக்காதிருப்பது இவ்வாறு நேர்கிறது.

சோதித்தறியும் முறை

திரையில் தோன்றும் கோடுகளை மட்டும் நம்பலாகாது; அவை கருவிக்குக் கருவி மாறும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில், அமைப்புகளில் ‘சிம் நிலை’ என்னும் இடத்தில் டிபிஎம் என்ற அளவு காணப்படும். அது கழித்தல் குறியுடன் இருக்கும். 4ஜி முறையில் –90 என்பது நல்ல அளவு, –105 சுமார், –115ஐத் தாண்டினால் பேச்சு அறுபடக்கூடும். –90 என்பது –100 ஆனால் வலிமை பத்தில் ஒரு பங்காகி விட்டது என்று பொருள்.

ஒவ்வோர் அறையிலும், திண்ணையிலும், மாடியிலும், தெருவிலும் ஒரு நிமிஷம் நின்று இவ்வளவைக் குறித்துக்கொள்க. தெருவில் –90, அறையில் –115 என்றால் குறை வீட்டில் உள்ளது. தெருவிலேயே –115 என்றால் குறை ஊரில் உள்ளது. இரண்டிற்கும் பரிகாரம் வேறு வேறு.

குறை வீட்டிலாயின்

1. கோபுரம் உள்ள திசையை நோக்கிய ஜன்னலருகே கைபேசியை வைத்து, ஒலிபெருக்கி முறையில் பேசுக. இரும்பு பீரோவின் அருகே வைக்கலாகாது. உலோக உறையிருந்தால் நீக்குக.

2. அண்டை வீட்டாரின் வேறு நிறுவனச் சிம்மை நம் அறையில் சோதித்துப் பார்க்க. அது நன்றாயின், எண்ணை மாற்றாமலே அந்நிறுவனத்துக்கு மாறலாம். இவ்வசதி நாடெங்கும் 2011 முதல் உள்ளது.

3. வீட்டில் கம்பிவழி இணைய இணைப்பு இருப்பின், கைபேசியில் ‘வைஃபை அழைப்பு’ வசதியை இயக்குக. நிறுவனமும் கைபேசியும் இவ்வசதியை அளிக்குமாயின், கோபுரத்தின் அலையின்றியே பேசலாம்.

செய்யத் தகாதது

‘சிக்னல் பூஸ்டர்’ என்னும் கருவியைச் சிலர் விலைக்கு வாங்கிப் பொருத்துகின்றனர். உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்களன்றி மற்றவர் அதனை வைத்திருப்பதும் பொருத்துவதும் சட்டவிரோதம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை அறிவித்துள்ளது. அக்கருவி கோபுரத்துக்கு இரைச்சலையும் சேர்த்து அனுப்பி, சுற்றிலும் உள்ளோரின் அழைப்பைக் கெடுக்கிறது. தலைமடைக்காரர் வாய்க்காலை மறித்தால் கடைமடை காய்வது போன்றதே இது. நம் வீட்டின் வசதிக்காக வைத்த கருவி, பக்கத்துத் தெருவிலிருந்து 108க்குச் செல்லும் அழைப்பை அறுத்துவிடலாம்.

குறை ஊரிலாயின்

இங்கே தனியொருவரால் ஆவது சிறிது. பஞ்சாயத்தால் ஆவது பெரிது. இருபது வீடுகளிலேனும் மேற்கூறிய சோதனையைச் செய்து, இடம், தேதி, நேரம், நிறுவனம், அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் பதிவு செய்க. சிக்னல் எட்டும் பகுதிகளைக் காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் தத்தம் இணையதளத்தில் வெளியிட வேண்டுமென்று, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்துள்ளது. அவ்வரைபடத்தை நம் நோட்டுடன் ஒப்பிடுக. வரைபடத்தில் சிக்னல் உண்டு, ஊரில் இல்லை என்றால், அந்த நோட்டே நம் சாட்சி. கிராம சபையில் தீர்மானம் இயற்றி, நோட்டின் நகலுடன் நிறுவனத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்புக. “டவர் இல்லை” என்ற பொதுப் பேச்சைவிட இத்தகைய கணக்கிற்கு மதிப்பு அதிகம்.

கோபுரம் வந்தால் உடல்நலம் கெடும் என்ற அச்சம் சிலரிடம் உண்டு. சர்வதேசக் குழு பரிந்துரைத்த வரம்பில் பத்தில் ஒரு பங்கையே கோபுர அலைக்கு வரம்பாக நம் நாடு 2012 செப்டம்பரில் வகுத்தது. சிக்னல் வலுவாயுள்ள இடத்தில் கைபேசி தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வலுவற்ற இடத்திலேதான் முழுச் சக்தியுடன் நம் காதருகே அலை வீசும் என்பதையும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

“உங்கள் நிலத்தில் கோபுரம் அமைத்து வாடகை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று வரும் அழைப்புகள் மோசடியே. கோபுரம் அமைக்கும் நிறுவனம் நில உரிமையாளருக்குப் பணம் தருமேயன்றி அவரிடம் கேட்காது.

ஆகவே, கையிலுள்ள கைபேசியையும் ஒரு நோட்டையும் கொண்டு இவ்வாரமே சோதனையைத் தொடங்குவீர்களாக. அடுத்த கிராம சபை கூடும்போது ஊரின் கணக்கு முன்னே இருக்குமாயின், பரிகாரம் தேடுவது எளிதாகும்.